பாலசுந்தரம் எழுதிய தாள்

1

பாலசுந்தரத்தை நமக்குத் தெரியும். 'சத்திய சோதனை'யை முழுசாகப் படிக்காதவர்களுக்குக்கூட அந்தக் காட்சி எங்கேயாவது கண்ணில் பட்டிருக்கும். 1894, டர்பன். காந்தி அங்கே வக்கீல் தொழிலைத் தொடங்கி மூன்று நாலு மாசம்தான் ஆகியிருக்கிறது. கிழிந்த துணியோடு ஒரு தமிழர் அவருடைய அலுவலகத்துக்குள் வந்து நிற்கிறார். முன்பற்கள் இரண்டு உடைந்திருக்கின்றன. வாயில் ரத்தம். தலைப்பாகை தலையில் இல்லை, கையில் இருக்கிறது. நடுங்குகிறார், அழுகிறார். அவருடைய கதையைக் காந்தி தன்னுடைய தமிழ் குமாஸ்தா சொல்லித் தெரிந்துகொள்கிறார். அடித்தது அவருடைய முதலாளி, டர்பனில் பேர்பெற்ற ஒரு வெள்ளைக்காரர். பாலசுந்தரம் ஒப்பந்தக் கூலி.

சின்ன அத்தியாயம்தான். ஆனால் மறக்க முடியாது. குறிப்பாக அந்தத் தலைப்பாகை. வெள்ளைக்காரர் முன்னால் போகும்போது தலைப்பாகையை எடுத்துவிட வேண்டும் என்று அங்கே பழக்கியிருந்தார்கள். காந்தி முன்னாலும் அப்படித்தான் நிற்க வேண்டும் என்று அவர் நினைத்துவிட்டார். திரும்பக் கட்டிக்கொள்ளச் சொல்கிறார் காந்தி. தயக்கமும் சந்தோஷமுமாகக் கட்டிக்கொள்கிறார். பள்ளிப் பாடத்துக்கு, மேடைப் பேச்சுக்கு, நாடகத்துக்கு எல்லாவற்றுக்கும் பொருந்துகிற காட்சி.

இதே சம்பவத்தைக் காந்தி ஏற்கெனவே ஒருமுறை எழுதியிருக்கிறார். 1896இல் இந்தியா வந்தபோது ராஜ்கோட்டில் உட்கார்ந்து ஒரு துண்டுப் பிரசுரம் எழுதினார். அட்டை பச்சை நிறம் என்பதால் 'பச்சைப் பிரசுரம்' என்று பேர் வந்தது. தென்னாப்பிரிக்காவில் இந்தியர்களுக்கு இருக்கும் குறைகளைப் பற்றி இந்தியப் பொதுமக்களிடம் செய்த முறையீடு அது. சம்பவம் நடந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருக்கிறது. சத்திய சோதனையோ 1925இல்தான் தொடராக வர ஆரம்பித்தது. நடுவில் ஏறக்குறைய 30 வருஷம்.

பச்சைப் பிரசுரத்திலும் உடைந்த பல் இருக்கிறது, ரத்தம் இருக்கிறது, தலைப்பாகை இருக்கிறது. ஆனால் ஓர் இடத்தில் ஆளை நிறுத்திவிடுகிறது. பாலசுந்தரத்தால் பேச முடியவில்லை. வாய்க் காயம் அந்த அளவுக்கு. அதனால் அவருடைய புகாரைத் தமிழில் எழுதித் தரச் சொன்னதாகக் காந்தி குறிப்பிடுகிறார். அவருக்குத் தமிழ் எழுதத் தெரியும்.

அவ்வளவுதான், ஒரே ஒரு தகவல். 30 வருஷம் கழித்து வந்த புத்தகத்தில் இது இல்லை. அங்கே பாலசுந்தரம் அழுகிறவர். இங்கே எழுதுகிறவர். இந்த ஒரு மாற்றத்தைப் பின்தொடர்ந்து போனால், காணாமல் போனது அந்தத் தாள் மட்டும் இல்லை என்று தெரிகிறது. அதோடு சேர்ந்து ஓர் அலுவலகமும் மங்கிப்போயிருக்கிறது. நேட்டால் காலனியின் 'இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர்' அலுவலகம். இந்தக் கட்டுரை அந்த அலுவலகத்தைப் பற்றியது, அதை மறந்துவிட்டு நாம் எப்படி வாசிக்கிறோம் என்பதைப் பற்றியது.

2

முதலில் அந்த அலுவலகம் எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம். அது கொஞ்சம் சலிப்பான கதை மாதிரி தெரியும், ஆனால் கதையே அதில்தான் இருக்கிறது.

நேட்டாலின் கடலோரத்தில் கரும்பு நன்றாக வந்தது. வெட்ட ஆள் கிடைக்கவில்லை. சொந்த நிலமும் மாடும் வைத்திருந்த ஜூலு மக்கள், வெள்ளைக்காரர் தோட்டத்தில் வருஷக்கணக்கில் கட்டுண்டு கிடக்கத் தயாராக இல்லை. ஆக, 1859இல் சட்டம் போட்டு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவர ஏற்பாடு செய்தார்கள். 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு டர்பனுக்கு வந்துசேர்ந்தது. அப்போது இருந்த அலுவலகம் என்பது ஒரே ஓர் அதிகாரிதான். 'கூலிக் குடியேற்ற ஏஜென்ட்' என்று பதவிப் பேர். வந்தவர்களை எண்ணுவது, நம்பர் போடுவது, முதலாளிகளுக்குப் பிரித்துக் கொடுப்பது அவர் வேலை. அதற்குப் பிறகு தோட்டத்தில் என்ன நடக்கிறது என்று போய்ப் பார்க்க ஆளும் இல்லை, அக்கறையும் இல்லை.

1866 வரைக்கும் ஆறாயிரத்துச் சொச்சம் பேர் வந்தார்கள். பிறகு காலனியில் பணமுடை, கப்பல் நின்றுபோனது. 10 வருஷம் இருந்துவிட்டால் ஊர் திரும்ப இலவசக் கப்பல் உண்டு என்பது ஏற்பாடு. அந்தக் கணக்குப்படி 1871இல் முதல் கூட்டம் திரும்பி வந்தது. சென்னையில் இறங்கியதும் அவர்கள் வாயைத் திறந்தார்கள். கூலியைப் பிடித்துக்கொண்டார்கள், காய்ச்சலில் கிடந்த நாளுக்கும் காசு வெட்டினார்கள், சாட்டையால் அடித்தார்கள் என்று அதிகாரிகளிடம் சொன்னார்கள். சொன்னது எழுதப்பட்டது. மேலிடம் வரைக்கும் போனது. இதைச் சரிபண்ணாமல் நேட்டாலுக்கு ஆள் அனுப்ப முடியாது என்று இந்திய அரசு கையை விரித்தது.

காலனிக்கு அப்போது மறுபடியும் ஆள் தேவைப்பட்டது. ஆகவே 1872இல் ஒரு விசாரணைக் கமிஷன். அது சொன்ன யோசனைகளில் ஒன்று சாட்டையடியை நிறுத்துவது. இன்னொன்று ஏஜென்டுக்குப் பதிலாக 'பாதுகாவலர்' ஒருவரை நியமிப்பது, அவருக்கு இந்திய மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பது. 'கூலி' என்ற சொல்லைக் கைவிட்டு 'இந்தியக் குடியேறி' என்று எழுதலாம் என்பது வரைக்கும் கமிஷன் யோசித்தது. 1874இல் கப்பல் திரும்ப ஓட ஆரம்பித்தபோது பாதுகாவலர் அலுவலகம் டர்பனில் வந்துவிட்டது. கமிஷனில் உட்கார்ந்திருந்த கர்னல் லாயிட்டே முதல் பாதுகாவலர். அதே வருஷம் இந்தியக் குடியேற்ற வாரியம் ஒன்றும் சட்டப்படி உருவானது. ஆள் எடுப்பது, செலவு, விநியோகம் எல்லாம் அதன் பொறுப்பு. தோட்ட முதலாளிகளின் கை அதில் ஓங்கியிருந்தது.

இந்த வரிசையைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அலுவலகம் மேலிருந்து யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்தது இல்லை. திரும்பி வந்த கூலிகளின் பேச்சு அதை வரவழைத்தது. கடல் தாண்டி வந்த சொல்தான் காலனியின் கையை முறுக்கியது. அந்த வாக்குமூலங்களை நேட்டால் இந்தியர்களின் முதல் இலக்கியம் என்றே சொல்லலாம், சாட்சி இலக்கியம்.

என் வாசிப்பு இது: அந்தச் சொல் அவ்வளவு தூரம் வந்ததற்குக் காரணமே, நடுவில் அதை வாங்கி வைத்துக்கொள்ள அலுவலகம் இல்லை என்பதுதான். அலுவலகம் வந்த பிறகு புகார் போக வேண்டிய இடம் டர்பனிலேயே இருந்தது. சென்னை வரைக்கும் போக வேண்டிய சொல் அங்கேயே ஒரு கோப்பில் படுத்துக்கொண்டது. திட்டம் போட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. நடந்தது அதுதான் என்கிறேன்.

3

நேட்டாலின் கப்பல் பதிவேடுகள் இன்று கணினியில் தேடிப் பார்க்கிற மாதிரி வந்துவிட்டன. 1860 முதல் 1911 வரை 152,184 பேர். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் இருக்கும் இளைஞர்கள் கொள்ளுத்தாத்தாவைத் தேடி அதில் இறங்குகிறார்கள். ஒரு வரி கிடைத்தால்கூடக் கண் கலங்கிவிடுகிறது. அதில் தப்பே இல்லை.

ஆனால் ஒரு விமர்சகருக்கு அந்தப் பதிவேடு வெறும் தகவல் மூட்டை ஆகாது. அது ஓர் எழுத்து வகை. வெண்பாவுக்குத் தளை இருக்கிற மாதிரி இதற்குக் கட்டம் இருக்கிறது. காலனி நம்பர், பேர், தகப்பன் பேர், வயசு, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் இருக்கும் தழும்பு. ஒரு மனுஷனைப் பற்றிக் காலனி தெரிந்துகொள்ள விரும்பியது இவ்வளவுதான். தழும்பு எதற்கு என்றால், ஓடிப்போனால் பிடிக்க. கிராமம் எதற்கு என்றால், செத்தாலோ திரும்பினாலோ கணக்கு முடிக்க. என்ன வேலை தெரியும், எழுதப் படிக்கத் தெரியுமா, ஏன் கிளம்பினாய் என்று கேட்க அந்தக் கட்டங்களில் இடம் இல்லை.

எழுதியவர்களுக்கு நம்ம பேர் வாயில் நுழையவில்லை, காதிலும் நுழையவில்லை. முனுசாமி 'மூன்சாமி' ஆனார். கவுண்டர் 'கோவெண்டர்' ஆனார். சாதிக் கட்டத்தில் ஆரம்பக் காலப் பட்டியல்களில் 'மலபார்', 'ஜெந்து' என்றெல்லாம் வரும். தமிழரை மலபார் என்றும் தெலுங்கரை ஜெந்து என்றும் சொல்வது அன்றைய வெள்ளைக்கார வழக்கம். பிழைதான். ஆனால் அந்தப் பிழை அப்படியே குடும்பப் பேராகத் தங்கிவிட்டது. இன்று தென்னாப்பிரிக்காவில் ஒரு மூன்சாமி டாக்டராக இருக்கலாம், நீதிபதியாக இருக்கலாம். ஒரு குமாஸ்தாவின் காது அவர் கதவில் பலகையாகத் தொங்குகிறது.

பதிவேட்டுக்கு அடுத்த எழுத்து வகை அனுமதிச் சீட்டு. தோட்டத்தை விட்டு வெளியே போக முதலாளியின் சீட்டு வேண்டும். சீட்டு இல்லாமல் ரோட்டில் நடந்தால் பிடித்து உள்ளே போடலாம். அப்படியானால் முதலாளி மேலேயே புகார் சொல்ல எப்படிப் போவது? கும்பலாகப் போனால்? அதையும் யோசித்து வைத்திருந்தார்கள். 1891ஆம் வருஷத்துச் சட்டம், ஒரு தோட்டத்தின் ஆட்கள் பெரும் எண்ணிக்கையில் அனுமதி இல்லாமல் வேலையை விட்டுப் புகார் சொல்லக் கிளம்பினால் அதுவே குற்றம் என்றது. புகார் உண்மையா பொய்யா என்பது வேறு விஷயமாம். உண்மையாக இருந்தாலும் தண்டனை உண்டு.

அதாவது கதவு திறந்திருக்கிறது, பலகையில் 'பாதுகாவலர்' என்று எழுதியிருக்கிறது. ஆனால் ஒவ்வொருத்தராகத்தான் வர வேண்டும், கேட்டுவிட்டுத்தான் வர வேண்டும், யார்மேல் புகாரோ அவரிடமே கேட்டுவிட்டு வர வேண்டும்.

4

இப்போது பாலசுந்தரத்திடம் திரும்பலாம். இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

சத்திய சோதனையில் பாலசுந்தரம் நேராகக் காந்தியிடம் வருகிறார். காந்திதான் டாக்டரிடம் அனுப்பிச் சான்றிதழ் வாங்குகிறார், மாஜிஸ்திரேட்டிடம் கூட்டிப்போகிறார். முதலாளிக்குத் தண்டனை வாங்கித் தர அவருக்கு ஆசை இல்லை. ஆளை விடுவிக்க வேண்டும், அவ்வளவுதான். சட்டத்தைப் புரட்டுகிறார். இரண்டு வழி இருக்கிறது. பாதுகாவலர் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம், வேறு ஆளுக்கு மாற்றலாம். இல்லாவிட்டால் முதலாளியே விட்டுக்கொடுக்கலாம். முதலாளி சம்மதிக்கிறார். பாதுகாவலரைப் பார்க்கிறார். புது முதலாளி ஒருவரைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தால் சரி என்கிறார் பாதுகாவலர். இந்தியர்கள் ஒப்பந்தக் கூலி வைத்துக்கொள்ளக் கூடாது என்பதால் வெள்ளைக்காரர் ஒருவரைத் தேடிப் பிடிக்கிறார். வேலை முடிந்தது. பாதுகாவலர் அலுவலகம் இந்தக் கதையில் ஒரு சாதாரண மேஜை. ஒரு நிபந்தனை போடுகிறது, நிறைவேறியதும் கையெழுத்துப் போடுகிறது.

1896 பிரதியில் நடப்பதே வேறு. அடி வாங்கியதும் பாலசுந்தரம் முதலில் போன இடம் பாதுகாவலரின் வீடு. அது பக்கத்திலேயே இருந்தது. நாளைக்கு ஆபீசுக்கு வா என்று பதில் வருகிறது. ரத்தம் ஒழுக நிற்கிற ஆளிடம் ஆபீஸ் நேரம் சொல்லப்படுகிறது. அவர் காத்திருக்கவில்லை. மாஜிஸ்திரேட்டிடம் போகிறார். மாஜிஸ்திரேட் அதிர்ந்துபோய், ரத்தத்தில் நனைந்த தலைப்பாகையை நீதிமன்றத்திலேயே வைத்துக்கொண்டு ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார். ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்த பிறகுதான், கேள்விப்பட்டு, காந்தியிடம் வருகிறார்.

கவனியுங்கள். காந்தியைப் பார்க்கும் முன்பே அவர் இரண்டு அதிகாரக் கதவுகளைத் தட்டிவிட்டார். தனியாக, உடைந்த வாயோடு. எந்தக் கதவு எதற்கு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்தது அந்தத் தாள். தமிழில் எழுதித் தருகிறார். அவருடைய கோரிக்கை என்ன? முதலாளிமேல் வழக்குப் போட வேண்டும், அப்படிப் போட்டால் மாஜிஸ்திரேட் ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கூடும் என்பது. இதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. சத்திய சோதனையில் சட்ட யோசனை முழுக்கக் காந்தியுடையது. பச்சைப் பிரசுரத்தில் முதல் சட்ட யோசனை பாலசுந்தரத்துடையது. அதுவும் பெரிய யோசனை, முழு விடுதலை. வேறு முதலாளிக்கு மாற்றினால் போதுமா என்று கேட்டு அதைச் சின்னதாக்குவது காந்தி. பாலசுந்தரம் தலையாட்டுகிறார். பேச முடியாதவர் வேறு என்ன செய்வார்?

பிறகு தாள்களின் போர் ஆரம்பிக்கிறது. காந்தி முதலாளிக்குக் கடிதம் எழுதுகிறார். முதலில் மறுத்த முதலாளி பிறகு ஒத்துக்கொள்கிறார். காந்தி தன் தமிழ் குமாஸ்தாவோடு பாலசுந்தரத்தைப் பாதுகாவலர் அலுவலகத்துக்கு அனுப்புகிறார். ஆளை இங்கே விட்டுவிட்டுப் போங்கள், பார்த்துக்கொள்கிறேன் என்கிறார் பாதுகாவலர். அதற்குள் முதலாளி அதே அலுவலகத்துக்கு வந்து மனசை மாற்றிக்கொள்கிறார். அவர் மனைவிக்கு இந்த வேலையாளை விட மனசில்லையாம். கொஞ்ச நேரத்தில் இன்னொரு தாள் பிறக்கிறது. எனக்குப் புகார் எதுவும் இல்லை என்று பாலசுந்தரம் கொடுத்ததாக ஒரு வாக்குமூலம். அதற்குச் சாட்சிக் கையெழுத்து பாதுகாவலரே.

இதற்கு மேல் நான் தலையிட முடியாது என்று காந்திக்கு ஒரு குறிப்பு வருகிறது. பாலசுந்தரம் அழுதுகொண்டே ஓடி வருகிறார். காந்தி பாதுகாவலர் அலுவலகத்துக்கு ஓடுகிறார். பாதுகாவலர் அந்தத் தாளை எடுத்து முன்னால் வைக்கிறார். இதில் அவன் கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாது, இனி மாஜிஸ்திரேட்டிடம் போனாலும் இந்தத் தாள்தான் அங்கே வரும் என்கிறார். பாதுகாவலர் இந்த ஆளிடமிருந்து தன்னைப் பாதுகாத்துக்கொள்ளப் பார்த்தாரா என்று காந்தி கேட்கிறார். 1896 காந்தியிடம் இந்தக் கோபம் இருந்தது.

கடைசியில் மாஜிஸ்திரேட்தான் காப்பாற்றுகிறார். மிருகத்தை அடிப்பது மாதிரி அடித்திருக்கிறாய் என்று முதலாளியைக் கண்டிக்கிறார். சம்மதிக்க ஒரு நாள் அவகாசம் தருகிறார். முதலாளி இறங்கிவருகிறார். அதற்குப் பிறகும் பாதுகாவலர் விடவில்லை. தான் ஒப்புக்கொள்கிற மாதிரி ஒரு வெள்ளைக்காரர் பேரைக் கொடுத்தால்தான் மாற்றம் என்று எழுதுகிறார். வக்கீலாகவும் வெஸ்லியன் சபைப் போதகராகவும் இருந்த ஒருவர் தயவால் விஷயம் முடிகிறது.

இரண்டு தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பாலசுந்தரம் தானே தமிழில் எழுதியது. அதில் வழக்கு இருக்கிறது. இன்னொன்று அலுவலகத்துக்குள் அவர் பேரில் பிறந்தது. அதில் புகாரே இல்லை. ஒரே மனுஷன், இரண்டு கூற்று. எது செல்லும் என்று முடிவு பண்ணுகிற இடத்துக்குத்தான் அலுவலகம் என்று பேர்.

5

இதற்காகக் காந்தியைக் கூண்டில் ஏற்றிவிட வேண்டாம். இரண்டு பிரதிகளும் இரண்டு வகை எழுத்து. பச்சைப் பிரசுரத்துக்கு அலுவலகம் தேவை. சட்டம் எப்படி வேலை செய்கிறது, எங்கே ஏமாற்றுகிறது என்று காட்டினால்தான் முறையீடு நிற்கும். சத்திய சோதனைக்குத் தேவை மனசாட்சி. பிறரை அவமானப்படுத்தி மனிதர்கள் எப்படித் தங்களுக்கு மரியாதை தேடிக்கொள்கிறார்கள் என்ற வியப்பில்தான் அந்த அத்தியாயம் முடிகிறது. அதற்குத் தலைப்பாகை போதும், கோப்பு வேண்டாம். தலைப்பாகையே ஒன்றில் தடயம், இன்னொன்றில் குறியீடு. ஒன்றில் அது நீதிமன்ற மேஜைமேல் ரத்தத்தோடு கிடக்கிறது. இன்னொன்றில் கையிலிருந்து தலைக்கு ஏறுகிறது.

இலக்கியமாகப் பார்த்தால் இரண்டாவதுதான் அழகு. ஆனால் அந்த அழகுக்கு ஒரு விலை இருக்கிறது. தடயம் குறியீடாக மாறும்போது, குற்றம் செய்தவரின் முகவரி அழிந்துபோகிறது.

நாம் ஏன் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டோம் என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. தமிழில் கடல் கடந்த கூலிகளைப் பற்றி நினைத்தவுடன் நம் மனசு ஒப்பாரிக்குப் போய்விடுகிறது. ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாரதி பாடிய பாட்டு நம் எல்லோர் காதிலும் இருக்கிறது. அந்தப் பாட்டின் வலிமையை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. இங்கிருந்து யாரும் எட்டிப் பார்க்காத காலத்தில் பார்த்தவர் அவர். புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' இலங்கைத் தேயிலைத் தோட்டத்தை இரக்கமே இல்லாமல் காட்டியது. அதன் பேரே கதையைச் சொல்லிவிடுகிறது. இந்தப் படைப்புகள் நமக்கு ஒரு கண்ணைக் கொடுத்தன. ஆனால் அந்தக் கண் பழகிப்போய், கூலி என்றாலே அழுகிற முகத்தை மட்டும் தேடுகிறது. எழுதுகிற கை அதன் பார்வைக்குள் வருவதில்லை.

நாம் கதை எழுதும்போதும் இதுதான். கங்காணி வருவான், சாட்டை வரும், வெள்ளைத் துரை வருவான். மேஜைக்குப் பின்னால் மரியாதையாகப் பேசுகிற, சட்டைக் கை மடிப்புக் கலையாத ஆள் வருவதில்லை. அவனை எழுதுவது கஷ்டம். அவன் கெட்டவனாகக்கூட இருக்க வேண்டியதில்லை. கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாது என்று வருத்தப்படுகிற ஆள்தான். சாட்டையை வெறுக்க இலக்கியம் தேவையில்லை. அந்த வருத்தத்தைப் புரிந்துகொள்ளத்தான் தேவை.

ஒரு எதிர்வாதத்தையும் நேர்மையாக வைக்க வேண்டும். அந்த அலுவலகம் இல்லாமலே இருந்திருந்தால் நல்லதா? இல்லை. அலுவலகம் இல்லாத 1860களில்தான் கேட்க நாதியில்லாமல் கிடந்தார்கள். அது மட்டும் இல்லை, இன்று அந்த மனிதர்களைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி அதே கோப்புகளிலிருந்து வருகிறது. அஸ்வின் தேசாயும் கூலம் வாஹிதும் சேர்ந்து தென்னாப்பிரிக்க ஒப்பந்தக் கூலிகளைப் பற்றி எழுதிய பெரிய வரலாற்று நூல் இதற்கு நல்ல உதாரணம். பாதுகாவலர் கோப்புகளுக்குள் போய், நம்பராகக் கிடந்தவர்களைத் தனித்தனி ஆட்களாக வெளியே கொண்டுவருகிறார்கள். ஓடிப்போனவர், குடித்தவர், காதலித்தவர், பொய் சொல்லித் தப்பித்தவர் எல்லோரும் வருகிறார்கள். பாவப்பட்ட ஜனம் என்ற ஒற்றை முகம் அங்கே உடைகிறது. அடக்குவதற்காக எழுதிய தாளிலேயே அடங்காதவர்களின் கைரேகை இருக்கிறது.

ஆனால் அதை வெளியே எடுக்க எதிர்த்திசையில் வாசிக்கத் தெரிய வேண்டும். 'புகார் எதுவும் இல்லை' என்று ஒரு கோப்பில் இருந்தால், அந்த வரி எந்த அறையில், யார் யார் நிற்கும்போது எழுதப்பட்டது என்று கேட்கத் தெரிய வேண்டும். பாலசுந்தரம் விஷயத்தில் வெளியே ஒரு வக்கீல் இருந்தார், அதனால் நமக்குத் தெரிந்தது. 152,184 பேரில் எத்தனை பேருக்கு வெளியே ஆள் இருந்தது?

6

1896 அக்டோபர் 26, சென்னை பச்சையப்பன் மண்டபம். காந்தி பேசினார். பாலசுந்தரத்தின் கதை கூட்டத்தைப் பெரிதும் உலுக்கியது என்று அவரே எழுதியிருக்கிறார். கூட்டம் முடிந்ததும் பச்சைப் பிரசுரத்துக்கு அவ்வளவு கிராக்கி. சென்னையிலேயே 10,000 பிரதிகள் இரண்டாம் பதிப்புப் போட்டார். பிறகு யோசித்துப் பார்த்தபோது எண்ணிக்கை அதிகம் என்று தோன்றியதாம். ஏனென்றால் அது இங்கிலீஷ் படித்தவர்களுக்காக எழுதியது. அந்த ஊரில் அவ்வளவு இங்கிலீஷ் வாசகர்கள் எங்கே?

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். தமிழில் தன் புகாரை எழுதிய ஒரு மனுஷனின் கதை, தமிழ் ஊரில், இங்கிலீஷில் 10,000 பிரதி. 1871இல் கூலிகள் சென்னையில் இறங்கித் தங்கள் வாயால் சொன்னார்கள். 25 வருஷம் கழித்து அதே சென்னைக்கு அவர்கள் கதை திரும்பி வந்தபோது, வேறு ஒருத்தர் வாயில், வேறு மொழியில் வந்தது. நடுவில் நின்றது ஓர் அலுவலகம்.

பழைய கதை என்று மூடிவைத்துவிட முடியாது. 'குடிபெயர்வோர் பாதுகாவலர்' என்ற பதவி இன்றும் இந்தியாவில் இருக்கிறது. சென்னையிலும் அந்த அலுவலகம் உண்டு. 1983ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் அது இயங்குகிறது. பத்தாவது தேறாத ஒருத்தர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போக வேண்டும் என்றால் அந்த அலுவலகத்தின் அனுமதி வேண்டும். பதவிப் பேர் 19ஆம் நூற்றாண்டிலிருந்து அப்படியே வந்தது. அங்கே போய் நிற்கிறவர்களின் முதலாளி, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்கிற முதலாளியாக இருந்தால், அவர்கள் எங்கே போய் என்ன தாளில் கையெழுத்துப் போடுவார்கள்? இன்றைக்கு வளைகுடா வாழ்க்கையைத் தமிழில் எழுத வருகிறவர்கள் நிறையப் பேர். பாலைவனம் வருகிறது, ஏக்கம் வருகிறது, ஊர் நினைப்பு வருகிறது. அந்த மேஜையும் வர வேண்டும்.

சத்திய சோதனையின் அந்த அத்தியாயத்தை இனிமேல் படிக்கிறவர்கள் பச்சைப் பிரசுரத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் பாலசுந்தரம் முழு ஆள். அழுதவர்தான், நடுங்கியவர்தான். அதே ஆள்தான் பாதுகாவலர் வீட்டுக் கதவைத் தட்டினார், நாளைக்கு வா என்றதும் மாஜிஸ்திரேட்டைத் தேடிப் போனார், பேச வாய் இல்லாதபோது தாள் வாங்கி எழுதினார். என்னை விடுவியுங்கள் என்று கெஞ்சவில்லை, வழக்குப் போட வேண்டும் என்றார்.

தலைப்பாகையைக் காந்தி திரும்பக் கட்டிக்கொள்ளச் சொன்னார். நல்லது. அவர் எழுதிய தாளையும் அவர் கையில் திரும்பக் கொடுப்பது நம்முடைய வேலை.